முழுநேரக் காப்பாளர்

எகிப்தின் பெருமையை எழுத வருகிறவர்கள் இனிமேல் பிரமிடுகளை மூன்று வரியில் முடித்துக்கொண்டு, மிச்சப் பக்கங்களை ஷுப்ராவில் ஐந்தாவது மாடியில் குடியிருக்கும் வகீம் அவர்களுக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. அத்தனை கல்லை மேலே ஏற்றியது பெரிய காரியம்தான். ஆனால் ஏற்றியவர்களுக்கு வேறு உத்தியோகம் கிடையாது. விடிந்தால் கல், அடைந்தால் கல். வகீமோ கழிப்பறைப் பீங்கான் விற்கும் ஒரு கம்பெனியில் முழுநேரக் குமாஸ்தா. அப்படி இருந்துகொண்டே ஒரு நாயையும் வளர்த்தார். கல்லுக்குப் பசிக்காது, நாய்க்குப் பசிக்கும் என்பதை வரலாற்று ஆசிரியர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாயைக் கொண்டுவந்தது அவர் மனைவி மார்சேல். தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்தாள். ரவையில் செய்து பாகு ஊற்றுகிற பஸ்பூஸாவின் நிறத்தில் இருந்ததால் அதையே பெயராக வைத்தாள். அப்புறம் குவைத்தில் நர்ஸ் வேலை கிடைத்துக் கிளம்பினாள். விமான நிலையத்தில் வகீமின் கன்னத்தில் ஒரு முத்தமும் காதில் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தாள்.

"வகீம், அது தனியா கெடந்து ஏங்குதுன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சுது, டான்டாவுல எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடுவேன். ஈஸ்டருக்கு வருவேன். அது மூஞ்சியைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்."

நாயும் போய்விட்டால் அந்த வீட்டில் 'வந்துட்டேன்' என்று சொல்வதற்கு ஃபிரிட்ஜ் ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே வகீம் பொறுப்பைத் தலைமேல் ஏற்றுக்கொண்டார். 'நாயின் மனம்: ஓர் அறிமுகம்' என்று போனில் நடத்துகிற வகுப்பில் சேர்ந்தார். தினமும் சாயங்காலம் சோபாவில் சாய்ந்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு பாடம் கேட்பார். பஸ்பூஸா வந்து முழங்காலில் காலை வைக்கும். அவர் அதை மெதுவாக எடுத்துக் கீழே விடுவார். 'தொடுதலின் முக்கியத்துவம்' என்ற பாடம் ஓடிக்கொண்டிருக்கையில் இடைஞ்சல் கூடாது அல்லவா?

சிக்கல் பகலில்தான். வீட்டில் பூட்டிவிட்டுப் போனால் பஸ்பூஸா போடும் ஊளை அடுத்த தெருப் பள்ளிக்கூட மணிச் சத்தத்தையே அமுக்கியது. குடியிருப்போர் சங்கம் மாடிப்படியிலேயே அவசரக் கூட்டம் போட்டு, நாய் போக வேண்டும் அல்லது வகீம் போக வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. காலையில் கீழே கூட்டிப்போகலாம் என்றால் லிஃப்ட் செத்து வெகுகாலம். ஐந்து மாடி இறங்கி, ஏறி, மறுபடி இறங்கினால் வேலைக்கு நேரமாகி, பீங்கான் கம்பெனி சம்பளத்தில் கை வைத்தது.

ஷுப்ராவில் கூடை இல்லாத பால்கனி கிடையாது. கயிற்றில் கட்டிக் கீழே விட்டால் ரொட்டியோ வெங்காயமோ ஏறி வரும். ஒரு நாள் காலை அவித்த மொச்சைக்காகக் கூடையை எடுத்தபோது வகீம் கூடையைப் பார்த்தார். நாயும் கூடையைப் பார்த்தது. யோசனை முதலில் யாருக்கு வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

பேரீச்ச ஓலைக்கூடை பெரியதாக ஒன்று வாங்கினார். படகுக் கயிறு வாங்கினார். பால்கனிக் கம்பியில் அதை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் பாரம் கையை அறுக்காமல் நிதானமாக இறங்கும். முதல் நாள் பஸ்பூஸா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இறங்கியது. மறுநாள் தலையை வெளியே நீட்டி ஒவ்வொரு மாடியிலும் என்ன சமையல் என்று விசாரித்துக்கொண்டே இறங்கியது. அதற்கப்புறம் அது படியில் கால் வைக்கவில்லை. வசதி கண்டவர்கள் எல்லோரும் அப்படித்தான்.

கூடை இறங்குகிற இடத்தில் உம் ரகபின் காய்கறி வண்டி. முழங்கால் வீங்கிய, குரல் வீங்கிய பெண்மணி. 'வெள்ளரி' என்று அவள் ஒரு சத்தம் போட்டால் மேல்மாடியில் தூங்குகிற குழந்தை வெள்ளரி கேட்டு அழும். அவள்தான் நாயைத் தூக்கி வெளியே விடுவாள். வேலை முடிந்ததும் மறுபடி கூடையில் வைப்பாள். படித்தவர் என்ற மரியாதையில் அவள் 'உஸ்தாஸ்' என்று அழைக்கும் வகீம் மேலே இழுத்துக்கொள்வார்.

ஒரு நாள் நேரமாகிவிட்டது. இழுக்காமலே ஓடிவிட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் பஸ்பூஸா வண்டிக்கு அடியில், நிழலில், வயிறு புடைக்கப் படுத்திருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அது 'பகல்நேரச் சமூகப் பழக்கத் திட்டம்' ஆனது. காலையில் இறக்குவது, சாயங்காலம் ஏற்றுவது. உம் ரகபைக் கலந்து ஆலோசித்தாரா என்று கேட்கலாம். பெரிய திட்டங்களில் அந்த வழக்கம் கிடையாது. ஆனாலும் அவர் சும்மா இருந்துவிடவில்லை. தண்ணீர், நிழல், 'மன ஆறுதல்' பற்றியெல்லாம் இரண்டு பக்கம் அச்செடுத்து நாயோடு கூடையில் இறக்கினார். உம் ரகபுக்கு எழுத்துத் தெரியாது. காகிதம் கெட்டியாக இருந்ததால் கூம்பாகச் சுருட்டிப் பச்சை மிளகாய் கட்டிக் கொடுத்தாள். அறிவு இப்படித்தான் மக்களைப் போய்ச் சேருகிறது.

அந்த வருஷம் ரமலானும் ஈஸ்டர் நோன்பும் ஒன்றாக வந்தன. வகீம் வீட்டில் இறைச்சி வேகாது. ஆகவே நாய்க்கும் ராத்திரியில் மொச்சைதான். கீழே உம் ரகப், பொழுது சாயும்வரை நாக்கை நனைக்காதவள், பக்கத்து இஸ்திரிக்காரனின் அடுப்பில் கோழிக்கால் வேகவைத்து, ஆவி முகத்தில் படாமல் தலையைத் திருப்பிக்கொண்டு நாய்க்குப் போட்டாள். இதை வகீம் 'இரு சமயங்களின் ஒத்துழைப்பு' என்று கருதிப் பெருமைப்பட்டார். தன் வெள்ளரிக்காயை மட்டும் அவர் ஆபீஸ் பக்கத்து அங்காடியில் வாங்கினார். அங்கே அது கண்ணாடித்தாளில் சுற்றியிருந்தது.

இந்த நிலையில்தான் ஊழியர் நலப் பிரிவின் மேடம் ஷெரீன் துபாயில் பயிற்சி முடித்துத் திரும்பினார். வந்ததும் 'சமநிலை வாரம்' அறிவித்துக் கூட்டம் போட்டார்.

"நம்மள்ல யாரு வேலைக்கு வெளியில இன்னொரு உயிரையும் பாத்துக்கறீங்க?"

"எனக்கு நாலு பசங்க, மேடம்," என்றார் கணக்குப் பிரிவு ஹம்தீ.

"அது பழைய முறை. புதுசா யாராவது?"

"எங்கிட்ட ஒரு நாய் இருக்கு," என்றார் வகீம்.

கூட்டம் கைதட்டியது. ஹம்தீ தன் நாலு பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டு, தானும் தட்டினார்.

"நாள் முழுக்க நீங்க இங்க. பகல்ல அது என்ன பண்ணும்?" என்று மேடம் உருகினார்.

வகீம் யோசித்தார். "தியானம்," என்றார்.

வியாழக்கிழமை வகீம் 'முழுநேர வேலை, முழுநேர அன்பு' என்று பேசுவது, அதற்கு ஒரு விருதும் வாங்குவது என முடிவானது. கம்பெனி செலவில் ஒரு கேமரா கொடுத்தார்கள். ஆபீஸிலிருந்தே நாயைப் பார்க்கலாம், பேசலாம், அங்கே பேசுவதைக் கேட்கலாம். பெரிய திரையில் எல்லோருக்கும் காட்டுவதாக ஏற்பாடு.

அதனால் வியாழக்கிழமை மட்டும் நாய் வீட்டில் இருந்தாக வேண்டும். வகீம் கேமராவைப் பால்கனியில் துணி உலர்த்தும் கம்பத்தில் மாட்டினார். மேடம் 'இயற்கை வெளிச்சம்' கேட்டிருந்ததால் பால்கனிக் கதவைத் திறந்தே வைத்தார். வாசலைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

திரை ஒளிர்ந்தது. பால்கனி, அதில் கூடை, கூடைக்குள் நிமிர்ந்து உட்கார்ந்த பஸ்பூஸா.

"பாருங்க! உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு!" மேடத்தின் கண் கலங்கியது.

வகீம் அடக்கமாகத் தலை குனிந்தார். அது எதற்காகக் காத்திருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"கூப்பிடுங்க, கூப்பிடுங்க!"

"பஸ்பூஸா, அப்பா பேசறேண்டா செல்லம்."

காதுகூட அசையவில்லை.

"உங்க குரல்தானே அது?" என்றார் ஹம்தீ.

"ஆழ்ந்த தியானம்," என்றார் வகீம்.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் ஏறி வந்தது.

"பஸ்பூஸாாா! ஏண்டி, இன்னிக்கு உனக்கு லீவா?"

நாய் துள்ளி எழுந்தது. முன்னங்கால் இரண்டும் பால்கனிக் கம்பிமேல். பின்னங்காலைக் கூடை விளிம்பில் ஊன்றி எம்பியது. கூடை சாய்ந்தது. பாதி உடம்பு வெளியே. அரங்கத்தில் ஒரு பெண் அலறினாள்.

"உட்கார்! பஸ்பூஸா, உட்கார்!" வகீம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த குரலில் ஆணையிட்டார். நாய் அந்த வகுப்புக்கு வந்ததில்லை. கீழே பார்த்து வாலை ஆட்டியது. ஆட்டலில் இன்னும் கொஞ்சம் வழுக்கியது. உம் ரகபுக்குப் போன் போடலாம் என்று பாய்ந்து எடுத்தார். ஒரு நாளும் அவளிடம் நம்பர் கேட்டதில்லை என்பது விரலுக்கு அப்போதுதான் தெரிந்தது. கேமராவோடு பேசுகிற மைக்கில் கத்தினார்.

"உம் ரகப்! கூப்பிடாதீங்க! அது குதிச்சிடும்!"

"யாரது, உஸ்தாஸா? இன்னிக்கு வேலைக்குப் போவலியா?"

"நான் ஆபீஸ்லதான் இருக்கேன்!"

"ஆபீஸ்ல இருந்துக்கிட்டு பால்கனில எப்புடி கத்தறீங்க? நோம்பு வெயில்ல எனக்கு மண்டை கலங்கிடுச்சா?" அவள் அண்ணாந்தாள் போலிருக்கிறது, குரல் மாறியது. "அய்யய்யோ, அது என்னா தொங்குது! தெனமும் காலைல எறக்கிடுவீங்களே, பொழுது சாயற மட்டும் எங்கிட்டதானே கெடக்கும்! இன்னிக்கு ஏன் பூட்டி வெச்சீங்க?"

அரங்கம் வகீமைப் பார்த்தது.

"தினமுமா?" என்றார் மேடம்.

"சமூகப் பங்கேற்பு முறை," என்றார் வகீம். உதடு மட்டும்தான் சொன்னது. அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. சாவி பைக்குள் தொடையில் குத்தியது.

"அடியே, அசையாம இரு. நான் மேல வரேன். வரேண்டி!"

உம் ரகப் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் படியேறினாள். திரையில் அவள் தெரியவில்லை. மூச்சும் வசவும் மட்டும் மாடி மாடியாகக் கேட்டன. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று "வரேண்டி கண்ணு" என்பாள், அப்புறம் முழங்காலைத் திட்டுவாள், லிஃப்ட்டைத் திட்டுவாள், படித்தவர்களைப் பொதுவாகத் திட்டுவாள். நாயின் ஒரு காது உள்பக்கம் திரும்பியது. பிறகு இன்னொன்று. வாசல் கதவில் உள்ளங்கையால் ஒரு தட்டுச் சத்தம். பஸ்பூஸா கம்பியிலிருந்து வழுக்கி உள்ளே விழுந்து, எழுந்து, வீட்டுக்குக் குறுக்கே ஓடிக் கதவடியில் மூக்கை வைத்துப் படுத்தது. தூரத்தில் வால் மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

"தொலைவிலிருந்தே நெருக்கடி நிர்வாகம்!" என்றார் மேடம் ஷெரீன். "துபாய்ல எங்களுக்கு இதைப் படமா வரைஞ்சுதான் காட்டினாங்க."

"நான் வீட்டுக்குப் போறேன், மேடம். சாவி எங்கிட்ட இருக்கு."

"போகலாம், போகலாம். விருது வாங்கிட்டு ஒரே ஒரு படம். போட்டோக்காரர் வந்துக்கிட்டே இருக்கார்."

வகீம் கதவுவரை போனார். திரையில் வால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பதைக் கேட்பது பண்பல்ல. போட்டோக்காரர் நல்ல மனிதர், போக்குவரத்துதான் மோசம்.

அவர் ஐந்து மாடி ஏறி வந்தபோது பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். உம் ரகப் படியில் உட்கார்ந்து, பூட்டிய கதவோடு தக்காளி விலை பேசிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்ததும் பஸ்பூஸா வகீமின் கால்களுக்கு நடுவே புகுந்து அவள் மடியில் ஏறியது.

"மொதல்ல தண்ணி குடுங்க, உஸ்தாஸ்."

கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்தாள்.

"கையில என்னா அது, கண்ணாடிச் சட்டம் போட்டு?"

"விருது."

"என்னாத்துக்கு?"

"நாயைப் பாத்துக்கிட்டதுக்கு."

உம் ரகப் காலித் தம்ளரைத் தரையில் வைத்தாள். "அப்பாடி," என்றாள், "யாராவது பாத்துக்கிட்டா சரி."

பிறகு ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். வண்டியில் என்ன மிச்சம் இருந்தது என்று வகீம் எட்டிப் பார்க்கவில்லை. விருதை மாட்ட ஆணி தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் குவைத்திலிருந்து மார்சேல் கூப்பிட்டாள். வகீம் அனுப்பிய விருதுப் படத்தைப் பார்த்திருந்தாள்.

"வேலை நேரத்துல நாயை ஒரு நாளும் தனியா விடாத ஊழியர்னு போட்டிருக்கே. பொய்தானே?"

"பொய் இல்ல மார்சேல். கன்னிமாதா மேல சத்தியம். இப்பல்லாம் வேலை நேரத்துல அது தனியா இருக்கறதே இல்ல."

"அப்ப நான் போன் பண்றப்பல்லாம் பின்னாடி முனகுதே, அது எப்ப? எப்பதான் தனியா கெடக்குது?"

வகீம் காதிலிருந்து பாடம் கேட்கும் இயர்போனைக் கழற்றினார். பஸ்பூஸா பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்து, தெருவைப் பார்த்துப் படுத்திருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பொய் ஒன்று வாய்வரை வந்தது. பொய் சொல்ல அவருக்கு நன்றாக வரும். ஆனால் அன்றைக்கு ஏனோ வரவில்லை.

"அது," என்றார், "நான் வீட்ல இருக்கற நேரம்."

"சரி," என்றாள் மார்சேல். "டான்டாவுல அக்காகிட்ட சொல்லிடறேன். நாயை இல்ல, உன்னைத்தான் அனுப்பறேன்னு."