ஓட்ஸ் போட்ட ஈஸ்டர் குழம்பு

தமிழில் இதுவரை எழுதப்பட்ட வாக்கியங்களிலேயே ஆழமானது எது என்று என்னைக் கேட்டால், 'உப்பு - தேவையான அளவு' என்பதைத்தான் சொல்வேன். நான் புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். 'தக்க நடவடிக்கை', 'உரிய காலத்தில்', 'ஆவன செய்யப்படும்' என்று நானும் எவ்வளவோ எழுதித் தள்ளியிருக்கிறேன். ஒன்றுமே சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்ட அந்த நிறைவு எங்கள் சுற்றறிக்கை எதிலும் வந்ததில்லை. குழம்பு கரித்தால் தேவையைத் தவறாகக் கணித்தவர் நீங்கள். சப்பென்று இருந்தாலும் நீங்கள்தான். எழுதியவர்மேல் விரல் நீட்டவே முடியாது.

அந்த வாக்கியத்தை ஒரே புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் எழுதிய மேதை, சென்னையில் வாழும் திருமதி சுடர்விழி. புத்தகத்தின் பெயர் 'சுடர்விழியின் சுகச் சமையல்'. என் மனைவி சோபியாவுக்கு அவர்தான் எல்லாம். ஆவூரில் எங்கள் வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபம், பக்கத்தில் வேதாகமம், அதற்கும் பக்கத்தில் சுகச் சமையல். வீடு மந்திரிக்க வந்த பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்தபோது அதன்மேலும் தெளித்துவிட்டார்.

"இது என்ன, செபப் புத்தகமா?" என்று கேட்டார்.

"சமையல் புத்தகம் சாமி" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாப்பிடுறவங்களுக்காகச் செபிப்போம்" என்றார்.

இதை வைத்து சோபியாவுக்குச் சமையல் தெரியாது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். நன்றாகவே தெரியும். குறிப்பாக ஈஸ்டருக்கு அவள் வைக்கும் எலும்புக் குழம்பு எங்கள் தெருவில் பிரசித்தம். சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் வதக்கி, பொட்டுக்கடலை அரைத்து விட்டு, இறக்கப் போகும்போது எங்கள் வீட்டு மரத்து மாங்காயைக் கீறிப் போடுவாள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுக்கக் கறி தொடாமல் இருக்கும் என் அப்பா மைக்கேல்சாமி, அது தொடங்கும் விபூதிப் புதனன்றே அந்த மரத்தடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பிஞ்சு எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஆனால் சுகச் சமையலின் முன்னுரை என்ன சொல்கிறது? 'கைப்பக்குவம் என்பது அறியாமையின் மறுபெயர்' என்கிறது. சோபியா அதைப் படித்த நாளிலிருந்து தன் கையையே சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

திருமதி சுடர்விழியின் பணிவையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். டிவியில் அவர் நேயர்களின் சந்தேகங்களுக்கு விளக்கம் தரும் நேரலையில் ஒருநாள் சோபியாவுக்கு லைன் கிடைத்துவிட்டது. ஓட்ஸ் இட்லி ஏன் கல்லு மாதிரி வருகிறது என்பது சோபியாவின் சந்தேகம். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. "அது இருக்கட்டும்மா, உங்க ஊர்ல ஈஸ்டருக்கு என்ன ஸ்பெஷல்?" என்று கேட்டார். சோபியா சொன்னாள். வெங்காயம் உரிப்பதிலிருந்து மாங்காய் கீறுவது வரை சொன்னாள். அவ்வளவு பெரிய மனுஷி, "ம்… ம்… கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காதுகொடுத்துக் கேட்கும் அந்தப் பண்பு இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது? இட்லிச் சந்தேகம் இன்றுவரை நிலுவையில் இருக்கிறது.

சுகச் சமையலின் அடுத்த பதிப்பு வந்தது. எண்பத்தாறாம் பக்கத்தில் 'சுடர்விழி ஸ்பெஷல் ஈஸ்டர் எலும்புக் குழம்பு'. கீழே, 'எங்கள் பரம்பரைச் சொத்து' என்ற குறிப்பு.

"ஏங்க, இங்கிட்டு வாங்களேன்" என்று சோபியா கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "சுடர்விழி அம்மா வீட்டுலயும் நம்மள மாதிரியேதான் செய்யுறாங்க."

"நீ அன்னிக்குப் போன்ல…" என்று ஆரம்பித்தேன்.

"ச்சே, என்ன பேச்சு இது. அவங்க எம்புட்டுப் பெரியவங்க. நம்மகிட்டயா வந்து எடுக்கப் போறாங்க? பெரியவங்க மனசும் நம்ம மனசும் ஒரே மாதிரி ஓடியிருக்குன்னு நான் சந்தோசப்படுறேன், நீங்க வேற."

நான் வாயை மூடிக்கொண்டேன். அலுவலகத்தில் கற்ற பாடம் வீட்டிலும் உதவுகிறது.

ஒரே மாதிரிதான், மூன்று 'மேம்பாடு'களைத் தவிர. பொட்டுக்கடலை இருந்த இடத்தில் ஓட்ஸ் இருந்தது. நல்லெண்ணெய் போய் ஆலிவ் எண்ணெய் வந்திருந்தது. மாங்காய்க்குப் பதிலாக கிவிப் பழம், 'வைட்டமின் சத்துக்காக'. சோபியா அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அப்ப நாமதாங்க இத்தனை வருசமா தப்பா வச்சிக்கிட்டு இருந்திருக்கோம்."

அந்த வருடம் ஈஸ்டருக்கு முதல் நாள், எங்கள் வீட்டு மரம் காய்த்துக் கிளை தரையைத் தொட்டுக்கொண்டிருக்க, நான் கிவி வாங்க பஸ் ஏறிப் புதுக்கோட்டை போனேன். கீழ ராஜ வீதியில் ஒரு பழக்கடையில் இருந்தது. கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"யாருக்கு சார், வீட்டுலயா? டெங்குவா?"

"இல்லைங்க."

"பிளேட்லெட் எம்புட்டு இருக்கு?"

"காய்ச்சல் எல்லாம் இல்லைங்க. குழம்புக்கு."

அவர் பழத்தை எடைபோடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "குழம்புக்கா? சார், காய்ச்சல் ஒங்களுக்கா?"

ஈஸ்டர் அன்று மதியம் அப்பா இலையில் உட்கார்ந்தார். குழம்பு பாசி பிடித்த குளத்தின் நிறத்தில் வந்து விழுந்தது. எலும்பு எது, ஓட்ஸ் எது என்று தெரியாதபடி ஒற்றுமையாக இருந்தது. ஒரு வாய் வைத்தார். மென்றார். சோபியாவைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்மா, தவக்காலம் இன்னும் முடியலையா?"

"சத்து மாமா. பழகிரும்" என்றாள் சோபியா.

பழகவில்லை. அடுத்த ஈஸ்டருக்கும் அதே குழம்புதான். சோபியா தன் தட்டில் போட்டதை எங்களுக்குத் தெரியாமல் கொல்லையில் கொட்டுவதைப் பார்த்தேன். "எனக்குக் கை சரியில்லைங்க. அம்மா எழுதினது சரியாத்தான் இருக்கும்" என்றாள். நான் என் பங்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தேன். அது ருசியால் இல்லை.

இந்த ஆண்டு திருமதி சுடர்விழி தன் யூடியூப் சேனலுக்காக 'வாசகி வீட்டு விருந்து' என்ற மகத்தான திட்டத்தை அறிவித்தார். புத்தகத்தை வரி பிசகாமல் பின்பற்றும் வாசகி ஒருவரின் வீட்டுக்கு அவரே வந்து சாப்பிடுவாராம். சோபியா விண்ணப்பித்தாள். வரி பிசகாமல் என்றால் தமிழ்நாட்டில் அவளை மிஞ்ச ஆளில்லை. தேர்வானாள்.

"அம்மா ஒரு வாய் சாப்பிட்டு நல்லாருக்கு சோபியான்னு சொல்லிட்டாப் போதுங்க. எங் கை சரின்னு எனக்குத் தெரிஞ்சிரும்" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் ஆயத்தக் கூட்டம் என் தலைமையில் நடைபெற்றது. ஒரே ஒரு தீர்மானம்: விருந்தினர் முன்னிலையில் அப்பா வாய் திறக்கக் கூடாது.

"சாப்புடவும் தொறக்கக் கூடாதா?" என்றார் அப்பா.

"அது உங்க விருப்பம்" என்றேன்.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அவர் காரில் வந்து இறங்கினார். கூடவே கேமராக்காரர் பிரவீன்குமார். திருமதி சுடர்விழி மாமரத்தடியில் நின்று, "இந்தக் குழம்பு என் பரம்பரையோட உயிர். இந்தச் சகோதரி அதை எப்படிப் போற்றுறாங்கன்னு பார்ப்போம்" என்று கேமராவிடம் சொன்னார். ஒரு மாங்காய் அவர் பக்கத்திலேயே விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

இலை போட்டோம். சோபியா பரிமாறினாள். அவர் கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தபடி ஒரு வாய் வைத்தார். புன்னகை அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் தண்ணீர் கோத்தது.

"என்னம்மா இது?"

"எண்பத்தாறாம் பக்கங்கம்மா" என்றாள் சோபியா.

"நீங்க எதையோ மாத்திட்டீங்க."

இங்கேதான் என் அலுவலக அனுபவம் கைகொடுத்தது. பீடத்திலிருந்து புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'ஓட்ஸ் - ஒரு கப்' என்பதிலிருந்து கடைசிவரை உரக்க வாசித்தேன். "எந்த மாற்றமும் செய்யப்படவில்லைங்க" என்று அறிக்கையும் அளித்தேன்.

"ரெண்டு வருசமா இப்புடித்தான் தின்னுக்கிட்டு இருக்கோம்" என்று அப்பா தீர்மானத்தை மீறினார்.

திருமதி சுடர்விழி தண்ணீரை மடமடவென்று குடித்தார். பிறகு இலையைத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"இது என் ரெசிபியே கிடையாதும்மா. எப்பவோ லைவ் ஷோவுல யாரோ ஒரு கிராமத்துப் பொம்பளை போன்ல சொன்னது. பாவமேன்னு புக்ல சேர்த்தேன். அவளுக்குச் சமைக்கத் தெரியலைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?"

"மேடம், ரெக்கார்டு ஆயிக்கிட்டு இருக்கு" என்றார் பிரவீன்குமார் மெதுவாக.

சோபியா அசையாமல் நின்றாள். அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்து நான் பாதி எழுந்துவிட்டேன். அவள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"அந்தப் பொம்பள கிவின்னு சொல்லலைங்கம்மா. மாங்கான்னுதான் சொன்னா. ஓட்ஸுன்னும் சொல்லல, பொட்டுக்கடலைன்னு சொன்னா. நீங்க மெதுவா சொல்லச் சொன்னீங்க, மெதுவாத்தான் சொன்னா. அவளுக்கு நல்லாவே சமைக்கத் தெரியும்."

திருமதி சுடர்விழி கைப்பையைத் தேடினார்.

"இருங்க" என்றாள் சோபியா. "வீட்டுக்கு வந்தவங்க பசியோட போகக் கூடாது. உக்காருங்க."

மரத்தடிக்குப் போய், கொஞ்சம் முன் விழுந்த அந்த மாங்காயையே எடுத்து வந்தாள். குக்கரில் மசாலா சேராத எலும்பு மிச்சமிருந்தது. அடுப்படியில் நல்லெண்ணெய் மணம் எழுந்ததும் அப்பா தானாகவே போய் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டார். சோபியா எந்தப் பக்கத்தையும் புரட்டவில்லை.

குழம்பு வந்தது. அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இப்பத்தாம்மா ஈஸ்டரு" என்றார். சோபியா திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிரவீன்குமார் கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் சோறு கேட்டார். திருமதி சுடர்விழி எலும்பை உறிஞ்சிக்கொண்டே மறுசோறு வாங்கினார். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், ரசித்துச் சாப்பிட்டார். கை கழுவியபின் சோபியாவின் தோளில் கைபோட்டார்.

"நல்லாருக்கு சோபியா. மாங்காயை எந்த நேரத்துல போட்டீங்க? பொட்டுக்கடலை எவ்வளவு?"

அவள் கேட்க ஏங்கிய வார்த்தை வந்துவிட்டது. அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"தேவையான நேரத்துல, தேவையான அளவுங்கம்மா" என்றாள்.

சுகச் சமையல் இப்போது பீடத்தில் இல்லை. ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் ஒரு காலுக்கு அடியில் இருக்கிறது, மேசை இப்போது ஆடுவதில்லை. ஆனாலும் திருமதி சுடர்விழியின் நேர்மையை நான் போகிற இடமெல்லாம் எடுத்துச் சொல்கிறேன். அடுத்தவர் குழம்பை எடுத்துக்கொள்பவர்கள் நாட்டில் நிறையப் பேர். அதை உரியவர் வீட்டுக்கே தேடி வந்து, கேமரா முன்னால் திருப்பிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். 'கெட்டுப்போன பிறகுதானே கொடுத்தார்' என்று கேட்கிறார்கள். நன்றாக இருக்கும்போது கொடுப்பதற்கு, அது அவரிடம் ஒருநாளும் நன்றாக இருந்ததில்லையே.