புடலைப் பந்தலில் ஒரு துப்பாக்கி

காட்டூர்

மரியாதைக்குரிய சம்பந்தி பிரபாகரன் அவர்களுக்கு,

காட்டூர் கேசவன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் மனைவி திரௌபதியும் மகள் வெண்ணிலாவும் சுகம். பழவேற்காட்டில் தாங்களும் வீட்டம்மா லோகநாயகியும் மாப்பிள்ளை சுபாஷும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் யாரையும் சுடவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

கல்யாணத்தை நிறுத்திவிட்டுத் தாங்கள் போனையும் எடுக்காததால்தான் இந்தக் கடிதம். வயலில் பன்றி விரட்ட எங்கள் நைனா லைசென்ஸோடு வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி, அவருக்குப் பின் என் பெயருக்கு வந்தது. தேர்தல் வந்தால் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். இந்தமுறை தேடினால் காணோம். பயந்துபோய்ப் பேசாமல் இருந்துவிட்டேன். எஸ்.ஐ. வீட்டுக்கே வந்து, "துப்பாக்கி எங்கய்யா?" என்றார். திரௌபதி கொல்லையைக் காட்டி, "பந்தல் சாஞ்சுதுனு முட்டுக் குடுத்தேன் சார், நல்லா நிக்குது" என்றாள். குழலைச் சுற்றிக் கொடி ஏறி, விசைக்குப் பக்கத்தில் ஒரு புடலங்காய் தொங்கிக்கொண்டிருந்தது. பிரிக்க முடியாமல் காயோடு சேர்த்து ஜீப்பில் ஏற்றினார்கள். பத்திரமாக வைக்கவில்லை, தேதிக்குள் ஒப்படைக்கவில்லை என்று ஆயுதச் சட்டத்தில் வழக்கு.

பொன்னேரி கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அம்மா, "குத்தத்த ஒத்துக்கிறீங்களா?" என்றார். "ஒத்துக்கிறேம்மா, ஆனா முட்டுக் குடுத்தது என் பொஞ்சாதி" என்றேன். அம்மா ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டார். அபராதமும், கோர்ட் கலையும்வரை சிறையும் என்று தீர்ப்பு. சிறை என்றதும், மாற்று வேட்டி எடுத்துவர வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாமா என்று கேட்டேன். "அந்த பெஞ்சில குந்துய்யா, அதான் ஜெயிலு" என்றார் ஏட்டு. ஃபேனுக்கு அடியில் தண்டனை அனுபவித்து, சாயங்காலம் கோர்ட் கலைந்ததும் விடுதலையானேன்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் தோணிரேவு மீன்கார நாகம்மாள், "இன்னாண்ணா இந்தப் பக்கம்?" என்றாள். சும்மா ஒரு கெத்துக்கு, "துப்பாக்கி கேஸு, ரிலீசாயி வரேன்" என்றேன். அவள் காலிக் கூடையோடு பழவேற்காடு பஸ்ஸில் ஏறினாள். அந்த பஸ் தங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் நான் மூன்று பேரைச் சுட்டுவிட்டேன்.

வெண்ணிலா கதவைச் சாத்திக்கொண்டு போனிலேயே அழுகிறாள். பெற்றவன் என்னால் தாங்க முடியவில்லை சம்பந்தி. என் வாய்க்கொழுப்புக்கு அவளைத் தண்டிக்காதீர்கள்.

மாப்பிள்ளைக்கு என் ஆசி, வீட்டம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
யாரையும் சுடாத
கேசவன்

பி.கு.: நேற்று எழுதிய இந்தக் கடிதத்தை இன்று கவரில் போட்டு ஒட்டப் போகையில் வெண்ணிலா மாலையும் கழுத்துமாக வந்து நிற்கிறாள், பக்கத்தில் தங்கள் சுபாஷ். காலையில் கோயிலில் தாலி கட்டியாகிவிட்டதாம். முன்னால் நின்று நடத்தியவர்கள் என் திரௌபதியும் தங்கள் லோகநாயகியம்மாவும். "ஆம்பளைங்க ரெண்டு பேரையும் கேட்டா ஆவாதுனுதான்" என்கிறார்கள். ஆகவே மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். மாப்பிள்ளை பைக்கில் இதைக் கொண்டுவருகிறார்; அவர் பின்னால் ஏறி உடனே சாப்பிட வந்துவிடுங்கள். உங்கள் வீட்டில் இன்றைக்கு அடுப்பே மூட்டவில்லையாம்.