மூன்றாம் காலம் தாங்கிய மேடை

"மூணு மில்லிமீட்டரா, முப்பத்தொண்ணா? ஏதாவது ஒண்ண சொல்லுமா," என்றார் தட்சிணாமூர்த்தி.

இலக்கியா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டுமே சரிதான் சார்."

"ஒரே மேடை, ஒரே இரும்பு, ஒரே கம்ப்யூட்டரு. எப்பிடிமா ரெண்டு பதில் வரும்?"

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தட்சிணாமூர்த்திக்கு ஒரு பட்டறை. விழாக்களுக்கு இரும்பு மேடை செய்து கொடுப்பது தொழில். கீழே வெல்டிங் பொறி பறக்கும்; மாடியில் இலக்கியா கணக்குப் போடுவாள். அவள் தனியாகப் பார்க்கும் முதல் வேலை இது. சிதம்பரத்தில் வினோதினி டீச்சரின் நாட்டியப் பள்ளி ஆண்டு விழாவுக்கு மேடை. நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் ஆடப்போகிறார்கள்.

"ஸ்டாட்டிக் கணக்குன்னா, நாப்பது பேரும் கொலு பொம்ம மாதிரி அசையாம நிக்கறாங்கன்னு அர்த்தம் சார். அதுக்கு மேடை மூணு மில்லிமீட்டர்தான் தாழுது. டிரான்சியன்ட்டுன்னா, கணத்துக்குக் கணம் என்னா ஆவுதுன்னு பாக்கறது. அவுங்க கால் தூக்கி மிதிக்கிறாங்க. மேடை துள்ளுது. அதான் முப்பத்தொண்ணு."

"எடை அதேதானே?"

"ஊஞ்சல்ல சும்மா உக்காந்திருக்கறதும், பின்னாடி நின்னு தள்ளிவுடறதும் ஒண்ணா சார்?"

"நான் மேடைதான் கேட்டேன். நீ ஊஞ்சல் செஞ்சு வெச்சிருக்கற."

இலக்கியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மிதியின் வேகம் அவளாகக் கற்பனை செய்ததும் இல்லை. அதற்காகவே சிதம்பரத்துக்கு பஸ் ஏறிப் போயிருந்தாள். தரையின் அதிர்வைப் பதிவு செய்யும் ஆப் அவள் போனில் இருந்தது. புது ஆள் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் கூச்சப்படும் என்று டீச்சர் சொல்லிவிட்டதால், ஆப்பை ஓடவிட்டு, வகுப்பு நடக்கும் டீச்சர் வீட்டில் வேலை செய்யும் செல்லாயியிடம் போனைக் கொடுத்து, "கிளாஸ் முடியிற வரைக்கும் தரையில வெச்சிருங்கம்மா" என்று கேட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால், போனில் பனைமர வரிசை மாதிரி நெடுநெடுவென்று கோடுகள். இந்தப் பெண்களின் காலில் இவ்வளவு பலமா என்று அன்றைக்கே மலைத்துப்போனாள்.

முதலில், நேரத்தை இன்னும் பொடியாக நறுக்கிக் கணக்குப் போட்டால் அளவு குறையும் என்று நினைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஓட ஆரம்பித்த கணினி, டீ வரும்போது பதில் சொன்னது: முப்பத்தெட்டு. முன்பு சல்லடையில் தப்பித்த உச்சங்களெல்லாம் இப்போது மாட்டிக்கொண்டன.

"பரவால்ல, குறுக்க இரும்பு போடு," என்றார் தட்சிணாமூர்த்தி.

போட்டாள். ஐம்பத்திரண்டு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "இரும்பு போட்டா ஆட்டம் ஜாஸ்தியாவுமா? என்னா கணக்கு இது!"

"மேடைக்குன்னு சொந்தமா ஒரு ஆட்டம் இருக்கு சார். விறைப்பு ஏறினதும் அதோட வேகம் மாறி, மிதியோட வேகத்துல போய்ச் சேந்துக்குச்சு."

"ரெண்டும் கூட்டணி வெச்சிடுச்சிங்கற."

"ஆமா சார்."

"அப்ப மிதிய மெதுவாக்கச் சொல்லு. டீச்சருக்குப் போன் போடு."

போட்டாள்.

"டீச்சர், கடைசி ஐட்டத்துல மட்டும் கொஞ்சம் மெதுவா ஆட முடியுமா?"

"தில்லானாவ மெதுவாவா?" வினோதினி டீச்சரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "மூணாங் காலம் இல்லாம ஆடறதுக்கு, பேசாம புள்ளைங்கள உக்கார வெச்சு பஜனை பாடச் சொல்லிடலாம்!"

"கோச்சிக்காதீங்க டீச்சர். எல்லாரும் நடுவுல நின்னு மிதிச்சா மேடை துள்ளுது. அதான்..."

"நடுவுலதான் பிரச்சனையா? முன்னாடியே சொல்றதில்ல? ஓரமா பரப்பி நிறுத்திடறேன். ஓரத்துல எடம் காலியாத்தானே கெடக்கு? இன்னும் பத்து புள்ளைங்களச் சேத்துக்கறேன். அவுங்கம்மாங்க என் உயிர எடுக்கறாங்க."

போன் வைக்கப்பட்டது. இலக்கியா மெதுவாகத் திரும்பினாள். "அம்பது பேராம் சார்."

தட்சிணாமூர்த்தி மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். வேலையை விட்டு நிற்கச் சொல்லப்போகிறார் என்று அவள் மனசைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"ஒனக்கு என்னா தோணுது?"

"அடியில கால்கள நெருக்கி நட்டுடலாம் சார். இப்ப இருக்கற மாதிரி ரெண்டு பங்கு. அப்ப மேடையோட சொந்த ஆட்டத்து வேகம் மிதிக்கு எட்டாத உசரத்துக்குப் போயிடும். பட்டறையில இருக்கற கம்பமெல்லாம் காலியாயிடும், ஆனா..."

"உன் கணக்கு எனக்குப் புரியலம்மா. உன் பயம் புரியுது. மேல ஏறப்போறது ஊரான் ஊட்டுப் புள்ளைங்க. நடு."

அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு ஆயுசுக்கும் கடன்பட்டதாக இலக்கியா நினைத்தாள். அன்று கணினி சொன்னது: நாலு மில்லிமீட்டர்.

தை மாதம் விழா வந்தது. மேடைக்கு அடியில் தோப்பு மாதிரி இரும்புக் கம்பங்கள். வந்தவர்கள் எல்லாரும் குனிந்து பார்த்துவிட்டு, "ஃபிளைஓவர் கட்றாங்களா?" என்று கேட்டார்கள். தட்சிணாமூர்த்தி எல்லாருக்கும் ஒரே பதிலை வைத்திருந்தார்: "எஞ்சினியரம்மாவக் கேளுங்க."

ஐம்பது பெண்களும் தில்லானாவில் மூன்றாம் காலத்துக்கு ஏறினார்கள். மேடை ஓரத்தில் யாரோ வைத்திருந்த டம்ளர் காபியில்கூட அலை எழவில்லை. இலக்கியா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அந்த மூச்சு முடிவதற்குள் மழை கொட்டியது.

தை மாதத்தில் அப்படி ஒரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. மைதானத்தில் கூரை இருந்தது மேடைக்கு மட்டும்தான். அப்பா, அம்மா, தாத்தா, கைக்குழந்தை, மிருதங்கம், சுண்டல் அண்டா என்று மொத்தக் கூட்டமும் மேடையைப் பார்த்து ஓடியது. யாரும் நிதானமாக ஏறவில்லை. தாவி ஏறினார்கள், குதித்து இடம் பிடித்தார்கள். "மெதுவா! மெதுவா!" என்று இலக்கியா கத்தியது இடியில் காணாமல் போனது. காதைப் பொத்திக்கொண்டு முறியும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை. அத்தனை பேரையும் வாங்கிக்கொண்டு மேடை கம்மென்று நின்றது. உள்ளே யாரோ சுண்டல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மழை விட்டதும் தட்சிணாமூர்த்தி நனைந்த சட்டையோடு அவள் முன்னால் வந்து நின்றார். "அந்த மூணு மில்லிமீட்டர நம்பியிருந்தா இன்னிக்கு என்னா ஆயிருக்கும்?" அவ்வளவு பெரிய மனிதர் கைகூப்பினார். "ஐயோ சார்!" என்று அவள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். வினோதினி டீச்சர் தனக்குப் போட்ட சால்வையை அவிழ்த்து அவள் தோளில் போட்டாள். முகம் தெரியாத தாய்மார்கள் வந்து கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் செல்லாயி ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். இலக்கியா ஓடிப்போய்ச் சால்வையை அவளுக்குப் போர்த்தினாள்.

"இது உங்களுக்குச் சேர வேண்டியதும்மா. அன்னிக்கி நீங்க என் போனைத் தரையில வெச்சதாலதான் அந்தப் பொண்ணுங்க மிதி எவ்ளோ பலம்னு எனக்குத் தெரிஞ்சுது. அதுல வந்த கணக்குதான் இத்தன உசுரயும் தாங்கிச்சு."

செல்லாயி சால்வையைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவளுங்க ஆடுன ரூமுக்கு உன் போனு போவவே இல்லியே கண்ணு! சார்ஜ் கம்மியா இருந்துச்சேன்னு அடுப்படியிலதான் சார்ஜர்ல சொருவி வெச்சேன். பக்கத்துலயே உரலப் போட்டு நான் அதிரசத்துக்கு மாவு இடிச்சிக்கிட்டு இருந்தேன்."