ஈயக்குண்டுக்குக் கோட்டிங் போட்ட படலம்

வாழி வீரபாண்டி! முதுகுளத்தூர்ச் சீமையின் கருவேலங்காட்டு வெயிலில் பிறந்து வளர்ந்து, வளைகுடாவின் புஜைராவில் விமானம் விட்டிறங்கிய அன்றே அவ்வூர் வெயிலை ஏற இறங்கப் பார்த்துப் புறங்கையால் நெற்றியைத் துடைத்துவிட்டு நடந்த பெருந்தகை வாழி! அலுமினியச் சட்டங்களை வரிசையாகத் தொங்கவிட்டு, பவுடர் துப்பும் கருவியால் நிறமேற்றி, ஆளுயர அடுப்பில் வேகவைத்து, அரபு மாளிகைகளின் ஜன்னல்களுக்கெல்லாம் ஆடை உடுத்திய அண்ணல் வாழி! வாழி அவன் முகமூடி, வாழி அவன் கையுறை. இரண்டும் கம்பெனி கொடுத்தவை.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவன் குண்டு உருக்கிய வரலாற்றை இனி உரைக்கின்றோம். குண்டு என்றதும் யாரும் போலீசைக் கூப்பிட வேண்டா. தூண்டில் நரம்பைக் கடலாழத்துக்கு இழுத்துச் செல்லும் ஈயக்குண்டே இது. டயர்க்கடை வாசல்களில் உதிர்ந்து கிடக்கும் ஈயத் துண்டுகளைப் பொறுக்கி, பழைய தகர டப்பாவிலிட்டு, பட்டறையின் பின்புறம் நீலச்சுடர் எழ உருக்கி, அறுத்தெறிந்த அலுமினியக் குழாய்த் துண்டுகளில் வார்த்து, சுண்டுவிரல் பருமனில் ஒரு படையையே அவன் திரட்டி வைத்திருந்தான். பார்ப்பதற்கு ஆட்டுப் புழுக்கை போல இருக்கும்.

வாரத்தில் ஆறு நாள் முகமூடிக்குள் அடைபட்டுக் கிடந்தவனுக்கு வெள்ளிக்கிழமை அலைதடுப்புப் பாறைதான் அரியணை. அங்கே தூண்டிற்கழியோடு அமர்ந்து, விரலில் நரம்பைச் சுற்றிக்கொண்டு, ஆழத்திலிருந்து வரும் அந்த ஒரு வெடுக்கென்ற இழுப்புக்காகக் காத்திருப்பான். சூப்பர்வைசர் கூப்பிட்டால் வேலை இருக்கும், ஊரிலிருந்து கூப்பிட்டால் செலவு இருக்கும். அந்த நாட்டில் வேறெதுவும் கேட்காமல் அவனைத் தேடி வந்தது அந்த இழுப்பு ஒன்றுதான். அது இல்லாவிட்டால் அவனுக்கு வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் ஒன்று.

அத்தகைய அரியணைக்கே ஆபத்து வந்தது. ஈயத்தைத் தொட்ட கை கறுக்கும். கறுத்த கையோடு அவன் மீனைக் கழுவ, அந்த மீன் குழம்பாக, பரிமாறிய வெண்சோற்றின் மீது ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்தன. அதைக் கண்டவர் முகம்மது யூசுப். கீழக்கரையில் தோன்றி, பலசரக்குக் கடைக் கல்லாவில் நிலைத்து, வீரபாண்டி தங்கிய அறையின் மூத்தவராகவும் வெள்ளிக்கிழமைச் சமையலின் சக்கரவர்த்தியாகவும் விளங்கியவர். அவர் கரண்டியைச் செங்கோலென உயர்த்தி ஆணையிட்டார்.

"இந்தா பாரு தம்பி, ஈயம் வெசம். சோத்துச் சட்டி இருக்குற ரூமுல இனி இது மாஃபி, கெடையாது. ஒன்னு அந்தக் கறுப்பு போவணும், இல்லாட்டி நீ தூண்டியத் தொடக்கூடாது. ஹலாஸ், பேச்சு முடிஞ்சுது."

வீரபாண்டி எழுந்து நின்றான். தோளில் கிடந்த துண்டு நழுவியது. எடுத்துப் போட்டுக்கொண்டு சூளுரைத்தான்.

"பாய், நான் பாக்குற வேலையே அதுதான. குண்டுக்குக் கோட்டிங் போட்டுர்றேன். அடுத்த வெள்ளி ஒங்க கர்ச்சீப்ப வச்சுத் தேச்சுப் பாருங்க. ஒரு பொட்டுக் கறுப்பு ஒட்டுனாலும் தூண்டிய நானே ஒடிச்சுப் போட்டுர்றேன்."

மேல்கட்டிலில் படுத்திருந்த பரமக்குடி ராக்கப்பன் இதற்குச் சாட்சியானான்.

இனி வெண்பொடி வந்த விதம் கேண்மின். ஃபோர்மேனிடம் கேட்டு, தரையில் சிந்திய மிச்சப் பவுடரைச் சலித்து, பாலினும் வெளுத்த அப்பொடியை வீரபாண்டி அறைக்குக் கொண்டுவந்தான். கொண்டுவந்து எதில் வைத்தான் என்றால், கல்யாணமாகாதவரும் ஆகியும் ஆகாதவர் போல வாழ்வோரும் வளைகுடாவெங்கும் எதில் வைப்பார்களோ அதில்தான்: காலியான பால்பவுடர் டின்னில். அந்த அறையின் பலகையில் உப்பு அந்த டின்னில், சீனி அந்த டின்னில், மிளகாய்த்தூள், துணி சோப்புத்தூள், ஆணி, பட்டன், ராக்கப்பனின் பாஸ்போர்ட் நகல் எல்லாம் அதே டின்னில். பால்பவுடரும் அதே டின்னில். எது எதுவென்று எவரும் எழுதியதில்லை, இடம்தான் பெயர். இடக்கோடியில் இருப்பது பால். வீரபாண்டி தன் பொடியை வலக்கோடியில் வைத்தான்.

அங்ஙனமிருக்க, வியாழக்கிழமை காலை யூசுப் பாய்க்குச் சுத்தம் செய்யும் வெறி வந்தது. டின்கள் அனைத்தையும் இறக்கி, பலகையைத் துடைத்து, பழையபடியே அடுக்கினார். பழையபடி என்பது அவர் எண்ணம். இடம் வலமானது, வலம் இடமானது, பாலும் பொடியும் நாடு மாறின.

அன்று மாலை டியூட்டி முடிந்து அறைக்கு வந்த வீரபாண்டி, வலக்கோடி டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு களம் புகுந்தான். களமாவது பட்டறையின் பின்முற்றம். அங்கே பல்தியா என்னும் நகராட்சியின் குப்பைத் தொட்டியோரம் அவன் கண்டெடுத்த சிறு மின்னடுப்பு ஒன்று, சூட்டு எண்கள் அழிந்து கதவு தொங்கி, ஆயினும் கம்பி சிவக்கும் ஆற்றலோடு வீற்றிருந்தது. முகமூடி அணிந்தான். சொந்த வேலைதானே என்று அலட்சியம் செய்யாத அந்தத் தொழில் ஒழுக்கமே அவனைக் கவிழ்த்தது. மூக்கு திறந்திருந்தால் வாசனை அப்போதே சொல்லியிருக்கும். தயிர் டப்பாவில் குண்டுகளை இட்டு, பொடியைத் தூவி, மூடி, கடகடவெனக் குலுக்கினான். கடற்கரை ஊரின் ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில் ஈயமும் வியர்த்திருந்தபடியால் பால் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

அடுப்பினுள் குண்டுகள் மெல்லச் சிவந்தன. வெள்ளையாக வரவேண்டியது பொன்னிறமாக வந்தது கண்டு சிறிதே திகைத்தான். ஆயினும் வெள்ளைப் பவுடர் சூடு மிஞ்சினால் மஞ்சளடிக்கும் என்பதைப் பட்டறையில் அவனைவிட அறிந்தவர் யார்? "கொஞ்சம் தீஞ்சிருச்சு, பரவால்ல" என்று தனக்குத்தானே நற்சான்று வழங்கி, ஆறவைத்து அள்ளினான். பட்டறைப் பூனை அவன் காலை விட்டு நகரவே இல்லை.

வெள்ளி வந்தது. அறை நண்பகல்வரை உறங்கியது. ஜும்மா முடித்து வந்த யூசுப் பாய், இடக்கோடி டின்னிலிருந்து தாராளமாக அள்ளி ஃபிளாஸ்க்கில் போட்டு, கொதிக்கும் தேத்தண்ணியை அதன்மேல் ஊற்றி, குலுக்கி, மூடி திருகினார். மூவரும் பாறை சேர்ந்தார்கள். அங்கே, அலை முழங்க, துறைமுகத்து எண்ணெய்க் கப்பல்கள் தூரத்தில் நின்று பார்க்க, தும்பை நிறக் கர்ச்சீப்பை விரித்து யூசுப் பாய் குண்டைத் தேய்த்தார். புரட்டித் தேய்த்தார். அழுத்தித் தேய்த்தார். ஒரு பொட்டுக் கறுப்பில்லை.

"மாஷா அல்லா, தங்கமாட்டம் இருக்குதேப்பா" என்றார். எட்டு ஆண்டில் அவர் வாயால் வீரபாண்டி கேட்ட முதல் பாராட்டு அது. அவன் அந்தக் குண்டையே வாங்கி நரம்பில் முடிந்தான்.

வீசினான். பொற்குண்டு வானில் வளைந்து நீரில் வீழ்ந்தது. வீழ்ந்த கணமே இழுப்பு. வெடுக், வெடுக், வெடுக்கென்று அவன் வாழ்நாளில் காணாத இழுப்புகள். மீன்குலமெல்லாம் திரண்டு வந்து மோதியது. விறுவிறுவெனச் சுருட்டினான். மேலே வந்தது மீனில்லாத தூண்டில்முள், அதில் தொடப்படாத இறால் இரை, பளிச்சென்று நக்கித் துடைக்கப்பட்ட ஈயம். இன்னொரு குண்டு கட்டினான். அதுவும் அவ்வாறே. அடுத்ததும் அவ்வாறே. இரையை விட்டுவிட்டு ஈயத்தை நக்கும் மீன்களை ராக்கப்பன் குனிந்து பார்த்தான். ஒரு குண்டை எடுத்து மோந்தான்.

"ஏண்ணே, இது பால்கோவா வாசமுல்ல அடிக்குது."

அவ்வேளை யூசுப் பாய் ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. தட்டினார், உதறினார், ஈற்றில் கோழிமுட்டையளவு வெள்ளைக் கட்டியொன்று வந்து பாறைமேல் விழுந்து, ரப்பர் பந்து போலத் துள்ளி, கடலுள் மறைந்தது. அதை எந்த மீனும் நக்கவில்லை.

வீரபாண்டி தன் உள்ளங்கையைப் பார்த்தான், கரியாகக் கறுத்திருந்தது. சொன்ன சொல்லைக் காக்க, தூண்டிற்கழியை முழங்காலில் வைத்து இரு முனையையும் பற்றினான். கண் கலங்கியிருந்தது. யூசுப் பாய்க்கோ வியாழக்கிழமை காலையும், ஈரத் துணியும், தாம் அடுக்கிய டின்வரிசையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பிறகு அவன் கையிலிருந்து கழியை மெதுவாக வாங்கி வைத்து, தமது கர்ச்சீப்பாலேயே அந்தக் கறுத்த கையைத் துடைத்துவிட்டு, தீர்ப்புரைத்தார்.

"டின்ன எடம் மாத்தி வச்சது நான்தாம்பா. அடுத்த வெள்ளி பாப்போம். டின்னுல மட்டும் பேர எழுதித் தொலச்சுரு."

எழுக, ஏழ்கடலும் அதிரும் வெற்றி முரசே! கறுத்த கர்ச்சீப்பே கொடியாக, காலி ஃபிளாஸ்க்கே சங்காக, கழி தோளில் ஏந்தி, முதுகுளத்தூர்க் கோமகன் கார்னிஷ் என்னும் கடற்கரைச் சாலை நெடுகத் தலை நிமிர்ந்து நகர்வலம் வந்து அறை புகுந்தனன்.

அன்றைக்கு ரூமில் முட்டைக் குழம்பு.