ஐந்து ஒன்பது

கையைத் தூக்கிய பிறகுதான், எதற்குத் தூக்கினோம் என்ற சந்தேகம் இராஜமாணிக்கத்துக்கு வந்தது. யாருக்குக் காபி வேண்டும் என்று செயலாளர் க்ளென் கேட்டதாக அவர் நினைத்தார். மல்லேஸ்வரம் அமெச்சூர் வானொலிச் சங்கத்துக்கு டிஜிட்டல் ரிப்பீட்டர் வைக்க யார் ஆதரவு என்பதே கேள்வி.

"சாரே கை தூக்கிட்டார்! அப்புறம் என்ன?" என்றான் க்ளென்.

மற்றப் பதினொரு பெரியவர்களும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கை தூக்கினார்கள்.

இராஜமாணிக்கத்துக்கு இரண்டு வருடமாகக் காது மந்தம். வெளியே தெரியாது. சங்கக் கட்டடத்தின் மொட்டை மாடியில் இருந்து எல்லோர் பேச்சையும் வாங்கி மறுபடி அனுப்பும் பழைய ரிப்பீட்டரில் ஏகப்பட்ட இரைச்சல். "இரைச்சலா இருக்கு, திருப்பிச் சொல்லுங்க" என்றால் போதும். மூன்றாம் தடவையும் விளங்காவிட்டால் "ஐந்து ஒன்பது" என்பார். மிகத் தெளிவாகக் கேட்கிறது என்பதற்கு ரேடியோக்காரர்களின் மரியாதைச் சொல் அது.

டிஜிட்டலில் இரைச்சலே கிடையாதாம். பழி போட ஒன்றும் மிச்சமில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு உறுப்பினர்கள் ரேடியோவில் வரிசையாகப் பேசும் கூட்டத்தைத் தொடங்கியவர் அவருடைய தகப்பனார். அந்தத் தலைமை வேறு குடும்பத்துக்குப் போனதில்லை. காது விஷயம் வெளியானால் அது பிரேசர் டவுன் உறுப்பினர் ஓஸ்வால்டுக்குப் போய்விடும்.

"டாக்டரைப் பார்த்து மிஷின் மாட்டிக்குங்க" என்றாள் மனைவி கோமளம்.

"எங்க வம்சத்துல காதுல மிஷின் மாட்டினவங்க கிடையாது."

"சரி, மோர் ஊத்தட்டுமா?"

"மோர்ஸா? அந்தத் தந்தி பாஷையை இப்ப யாரு அனுப்பறாங்க?"

கோமளம் மோரை ஊற்றினாள்.

தன் ரேடியோ செட் டிஜிட்டலுக்கு ஒத்து வராது என்று இராஜமாணிக்கம் க்ளெனுக்குச் செய்தி அனுப்பினார். மறுநாளே அவன் புது செட்டோடு வந்து நின்றான்.

"திறப்பு விழாவே நீங்கதான் சார்."

"தொண்டை கட்டியிருக்குப்பா."

"பரவாயில்ல சார். இதுல டேட்டாவும் போகும். யார் பேசறாங்களோ அவங்க பேரு ஸ்கிரீன்ல வந்துடும்."

இராஜமாணிக்கத்துக்கு உயிர் வந்தது. காது செய்யாததைக் கண் செய்யட்டும்.

சனிக்கிழமைக்குள் மொட்டை மாடியில் புது ரிப்பீட்டர் ஏறிவிட்டது. ஞாயிறு காலை திறப்புரை நிகழ்த்தினார். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, ஆளுக்கு ஒரு நிமிடம் விட்டு, "ஐந்து ஒன்பது" என்றார். ஸ்கிரீனில் கடைசி வரை அவர் பெயர் மட்டுமே நின்றது. தலைமைக்குத் தரும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு, ரிப்பீட்டர் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் கூடினார்கள். ஏழு மணிக்கு இட்லி வாங்க அலைந்துகொண்டிருந்த க்ளென் ஆவலோடு கேட்டான்: "எப்படி சார் இருந்துச்சு டிஜிட்டல்?"

ஓஸ்வால்ட் முந்திக்கொண்டார். "என்னா கிளியர்! இராஜமாணிக்கம் மூச்சு விட்டதுகூட கேட்டுச்சுப்பா!"

"நீங்க மட்டும் என்ன? கண்ணாடி மாதிரி இருந்துச்சு உங்க குரல்" என்றார் இராஜமாணிக்கம், உடல் நிமிர்ந்து.

"அப்படியே உங்க அப்பா குரல் சார்" என்றார் ஒருவர்.

"கடைசியா ஒரு குறள் சொன்னீங்களே, பிரமாதம்!" என்றார் இளங்கோவன்.

குறள் எதுவும் சொன்னதாக இராஜமாணிக்கத்துக்கு நினைவில்லை. ஆனால் கேட்டவரே சொல்லும்போது மறுப்பது பண்பல்ல. "ஏதோ தோணிச்சு, சொன்னேன்" என்றார். பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பாராட்டி ஓய்ந்தார்கள்.

அப்போது கட்டடம் பெருக்கும் லட்சுமம்மா வாசலில் வந்து நின்றாள். தண்ணீர் மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை அவளுக்கு. அன்று பன்னிரண்டு பேருக்கும் உண்மையிலேயே தெளிவாகக் கேட்ட குரல் அது ஒன்றுதான்.

"க்ளென் சாமி! நேத்து சாயங்காலம் மோட்டார் போட மாடியில உங்க புது டப்பா பிளக்கைப் பிடுங்கினேன், திரும்பச் சொருக மறந்தே போயிட்டேன். இப்ப சொருகட்டா?"