மூளைக்கு ஒரு வாங்கு

மேல்கணக்கு,
றக்வான.
18.07.1980

அன்பு மைத்துனன் சுந்தரலிங்கத்துக்கு,

முருகன் துணை. இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் அக்காள் மீனாம்பாளை வைத்துக்கொண்டு அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். நீ பேராதனையில் வேளைக்குச் சாப்பிட்டு, டாக்டர் படிப்பை நல்லபடியாக முடிக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். ஆனால் படித்ததை எங்களுக்கு எழுதுவதானால் கொஞ்சம் யோசித்து எழுது.

பங்குனியில் பஸ் வளைவில் வழுக்கி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது உனக்குத் தெரியும். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. உன் அக்காளுக்கு மட்டும் அன்று முதல் இடுப்பு வலி, பஸ் என்றாலே படபடப்பு. ஆவணி பத்தாம் திகதி எஹலியகொடையில் மாப்பிள்ளை வீட்டில் நம் இந்திராணிக்குக் கல்யாணம். பெற்ற தாய், "நான் பஸ் ஏறமாட்டேன், நீங்க போயி நடத்திட்டு வாங்க" என்கிறாள். சம்பந்தி வீட்டாருக்கு நான் என்ன சொல்ல, பெண்ணுக்கு என்ன சொல்ல? அதற்குத்தான் உன்னிடம் யோசனை கேட்டேன். நீ நாலு பக்கம் எழுதினாய். செரட்டோனின் என்று ஒன்று மூளையில் ஊறுகிறதாம். உன் அக்காள் காதில் அது தேங்காய்ச் சிரட்டை என்றே விழுந்தது. அது போய்ச் சேர மூளையில் வாங்குகள் இருக்கின்றனவாம். ஒரு வாங்கில் சேர்ந்தால் பயம் அடங்கும், வேறு வாங்கில் சேர்ந்தால் பயம் கூடும், வலியும் அப்படியே என்று எழுதியிருந்தாய்.

நான் என்ன நினைப்பேன்? வாங்கு என்றால் இந்த நாட்டில் நாலு பேர் உட்காரும் பலகை. படித்த பிள்ளை சொல்கிறான், சரியான வாங்கில் உட்காரவைத்தால் பயம் போகும் என்று முதலில் தோட்டத்து ஆஸ்பத்திரி வாங்குக்குக் கூட்டிப்போனேன். பக்கத்தில் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட ஒருவர் இருந்து முனகியதில் பயம் கூடிவிட்டது. சரி, இது கூட்டுகிற வாங்கு என்று பள்ளிக்கூடத்துக்குப் போனோம். சின்னத்தம்பி மாஸ்டர் பாவம், ஒன்றும் கேட்காமல் முதலாம் வகுப்பு வாங்கைக் கொடுத்தார். அது தரையோடு தரையாக இருந்தது. உட்கார்ந்தவளைத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது, இடுப்பு வலி இரட்டிப்பு. கடைசியில் புதிதாகவே செய்துவிடலாம் என்று தச்சு வேலை பார்க்கும் பியசேன பாஸிடம் போனேன். "பங்குவக் மொகடத மாத்தயா?" என்று கேட்டார், வாங்கு எதற்காம். நான், "மொளேட்ட" என்றேன், மூளைக்கு என்று. அன்று முதல் அவர் என்னைக் கண்டால் ஓரமாக நடக்கிறார். வாங்கு மட்டும் வந்து சேர்ந்தது, நல்ல பலாப்பலகை. அதைச் சந்தியில் போட்டு அவளை உட்காரவைத்தேன். பஸ் வந்தது. கூட உட்கார்ந்திருந்த எல்லாரும் ஏறினார்கள். கண்டக்டர் "நகின்ட நோனா, நகின்ட" என்று ஏறச்சொல்லிக் கூப்பிட, இவள், "வாங்கு நல்லாத்தாங்க இருக்கு, பஸ் போகட்டும்" என்றாள்.

பிறகு உன் கடிதத்தை ஆஸ்பத்திரி டாக்டரையா நுஹ்மானிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவைத்துச் சிரித்தார். "கணக்கப்பிள்ளை, இது வாங்கு இல்ல, வாங்கி. செரட்டோனின வாங்கிக்கிறதால வாங்கி. மூளையில கண்ணுக்குத் தெரியாத அளவுல, வகை வகையா இருக்கு. செரட்டோனின் ஒண்ணுதான். அத எந்த வகை வாங்கிக்குதோ, அதப் பொறுத்துதான் பயம் கூடுறதும் கொறையிறதும், வலியும். ஆராய்ச்சிக்காரங்களே இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார். எங்கள் மீனாம்பாளுக்கு எந்த வாங்கி வாங்குகிறது என்று கேட்டேன். திறந்து பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். தம்பி, ஒரே ஆள் இரண்டு கங்காணியிடம் இரண்டு விதமாக வேலை செய்வதை இருபது வருஷமாகப் பார்க்கிறேன், அது விளங்குகிறது. ஆனால் உன் அக்காள் தலைக்குள் அந்தக் கங்காணிகளை நியமித்தது யார், மாற்றச்சொல்லி யாருக்கு மனுப் போடுவது, அதுதான் விளங்கவில்லை.

ஆகையால் ஆவணி பத்துக்குள் பயம் அடங்குகிற வாங்கிக்கு ஏற்ற மாத்திரை எதுவோ, அதை வாங்கி அனுப்பு. இந்த வாங்கி கடையில் வாங்குகிற வாங்கி.

உன் படிப்போடு கையெழுத்தும் சிறக்க ஆண்டவனை வேண்டி ஆசீர்வதிக்கும்,
உன் அத்தான்
கி. ராஜதுரை

பி.கு.: ஒட்டுவதற்கு முன் உன் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து உள்ளே போய் இந்திராணிக்கென்று ஒரு கல்யாணச் சேலையைக் கொண்டுவந்து வைத்தாள். "நீங்க பாஸ் வீட்டுக்குப் போன அன்னிக்கு, நான் பஸ்ஸுலதான் கஹவத்தைக்குப் போயி இத எடுத்துட்டு வந்தேன்" என்றாள். அப்படியானால் என்னதான் பயம் என்று கேட்டேன். "போறதுக்கு என்னங்க பயம். திரும்பி வர்றப்ப அவ கூட இருக்கமாட்டாளே" என்றாள். நானும் அந்தப் பஸ்ஸில்தானே திரும்ப வேண்டும், இந்த நாலு மாதத்தில் அதை நான் நினைக்கவே இல்லை. மாத்திரை வேண்டாம் தம்பி. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு நாள் லீவு போட்டு, எங்கள் இரண்டு பேரோடும் றக்வான வரைக்கும் வந்துவிட்டுப் போ.