கரண்ட் இருந்தால் கரண்ட் தரும் சோலார்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், இரும்பு உருக்கும் புகை வந்து படிகிற இடத்தில், எனக்கு ஒரு ஐஸ் கம்பெனி இருக்கிறது. அப்படித்தான் வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எனக்கு யார் மீதும் கோபமில்லை. பெயர்களை மட்டும் மறக்கவில்லை.

ஐஸ் என்பது கரண்ட் இருக்கும்வரை ஐஸ். அதற்குப் பிறகு தண்ணீர். இந்தச் சட்டத்தை எந்த அரசாங்கமும் திருத்த முடியாது. கோடையில் எங்கள் பக்கம் மத்தியானம் சாப்பிடப் போகிற கரண்ட், தூங்கி எழுந்து சாயங்காலம்தான் திரும்பும். என்னிடம் தினமும் ஐஸ் எடுக்கிற ஒரே பெரிய வியாபாரி மீன்கார ஞானம்மா. ஒருநாள் அந்த அம்மா தொட்டியை எட்டிப் பார்த்தது.

"இன்னாண்ணே, ஐஸ் கேட்டா குளிக்கறதுக்குத் தண்ணி வெச்சிருக்கற?"

"கரண்ட் இல்லம்மா."

"மீனுக்கு அது தெரியுமா? இன்னொரு வாட்டி இப்டி ஆச்சு, நான் ஆரணி துளசிராமன் கம்பெனிக்குப் போய்க்கினே இருப்பேன்."

துளசிராமன்! பக்கத்து ஆரணியில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவன். என் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தில் சர்க்கரை கம்மி என்று உரக்கச் சொன்னவன். அவனிடமா ஞானம்மா போவது?

அந்த வருடம் தொழிற்பேட்டையில் எல்லாக் கூரையிலும் சோலார் முளைத்துக்கொண்டிருந்தது. சோலார் இல்லாதவனை டீக்கடையில்கூட ஒரு மாதிரி பார்த்தார்கள். பக்கத்து லேத்துப் பட்டறை தணிகைவேல், பேனலுக்கு முன்னால் கைகட்டி நிற்கும் தன் போட்டோவை மகளின் கல்யாணப் பத்திரிகையிலேயே போட்டுவிட்டான்.

"எப்டி இருக்குது தணிகை?" என்று கேட்டேன்.

"அருமைண்ணே. சத்தம் கெடையாது, புகை கெடையாது."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது.

விண்ணப்பித்தேன். மேற்படி கூரை மீது சூரியன் படுகிறது என்பதற்குச் சான்று வேண்டும் என்றது கரண்ட் ஆபீஸ். சான்று கொடுப்பவர் வந்த அன்று மேகமூட்டம். 'மேற்படி சூரியன் நேரில் ஆஜராகவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். மறுமுறை சூரியன் வந்தது, அவர் வரவில்லை. இரண்டு பேரையும் ஒரே நாளில் சந்திக்க வைப்பதற்குள் சித்திரை முடிந்துவிட்டது.

திறப்பு விழாவுக்குக் கரண்ட் ஆபீஸ் இன்ஜினியர் எட்வர்ட் வந்தார். ரிப்பன் வெட்டினார். மைக்கைப் பிடித்தார். "இனிமேல் இந்நிறுவனத்திற்குத் தடையற்ற..." என்றார். மைக் நின்றுவிட்டது. கரண்ட் போயிருந்தது.

எல்லோரும் கூரையைப் பார்த்தோம். வெயில் கொளுத்தியது. பேனல் புதுப்பெண் மாதிரி பளபளத்தது. உள்ளே ஐஸ் மெஷின் செத்துக் கிடந்தது.

"இன்னா சார், இது வேலை செய்யல?"

"லைன்ல கரண்ட் இல்லன்னா இதுவும் தானா நின்னுடும். கம்பத்துல ஏறி வேலை பாக்கறவனுக்கு ஷாக் அடிக்கக்கூடாதுல்ல? பாதுகாப்பு ஏற்பாடு."

"அப்ப இது எப்பதான் கரண்ட் தரும்?"

"கரண்ட் இருக்கறப்ப."

"மழை வந்தா தானா மடிஞ்சிக்கிற குடை மாதிரியா சார்?"

"தப்பா பேசக்கூடாது. மழை இல்லாதப்ப அந்தக் குடை நல்லா விரிஞ்சிதானே நிக்கும்?"

அவரே வழியும் சொன்னார்.

"ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்கிப் போடு. அது ஓடுச்சுன்னா, லைன்ல கரண்ட் வந்துட்டதா சோலாரு நெனைச்சிக்கும். ஒடனே எழுந்துக்கும்."

"ஜெனரேட்டர் ஓடினா சோலாரு எதுக்கு சார்?"

"டீசலு மிச்சமாவும்யா."

"அப்ப வெறும் ஜெனரேட்டரே வெச்சிருக்கலாமே?"

"அது பசுமை ஆவாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சோலாரை ஏமாற்றுவதற்காக ஒரு ஜெனரேட்டர் வாங்கினேன். சோலார் ஏமாந்தது. ஆனால் ஜெனரேட்டர் புகை நேராகப் போய்ப் பேனலில் படிந்தது. பேனல் கறுத்ததும் சோலார் மறுபடி படுத்துவிட்டது. ஜெனரேட்டர் ஒண்டியாக இழுக்க முடியாமல் திணறி நின்றது. பேனலைக் கழுவத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு மோட்டார், மோட்டாருக்குக் கரண்ட். நல்லவேளை, என்னிடம் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. உருகிய ஐஸை வாளி வாளியாக மொண்டு பேனலைக் குளிப்பாட்டினோம். ஐஸ் செய்ய சோலார், சோலாரைக் கழுவ ஐஸ். கம்பெனி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. விற்கத்தான் ஒன்றுமில்லை.

ஞானம்மா வந்தது. வாளியைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது.

"வண்டியத் திருப்புப்பா. ஆரணிக்கு உடு" என்றது டிரைவரிடம்.

நேராகத் தணிகைவேல் பட்டறைக்குப் போனேன்.

"கரண்ட் போனா உன்னுதும் நிக்குமா?"

"நிக்கும்ண்ணே."

"அப்பறம் ஏண்டா அருமைன்னு சொன்ன?"

"எனக்கும் ஒருத்தன் அப்டித்தாண்ணே சொன்னான். நான் மட்டும் தனியா முழிச்சிக்கினு நிக்கணுமா?"

அவனை அடிக்கத்தான் போனேன். ஆனால் அதற்குள் அவன் நியாயம் எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வாரம் என் வாசலில் வந்து நின்றவன் துளசிராமன்.

"சின்னராசண்ணே, நானும் சோலாரு போடலாம்னு இருக்கறேன். எப்டி இருக்குது?"

எனக்குப் பாயசம் ஞாபகம் வந்தது.

"அருமை நைனா. சத்தமே கெடையாது."

ஆவணிக்குள் ஞானம்மா திரும்பி வந்துவிட்டது.

"அவனும் ஜெனரேட்டர வித்துட்டு சோலாரு போட்டுட்டான். அங்கயும் தண்ணி, இங்கயும் தண்ணி. ஒரே பேஜாரு. கூடை மீனும் நாறிப்போவுது" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தது. பிறகு மெதுவாக நிமிர்ந்து கூரையைப் பார்த்தது. "அண்ணே, அந்தப் பலகை நல்லா சுடுமா?"

"கை வைக்க முடியாது."

"சாய்ஞ்சிதானே இருக்குது? தண்ணி நிக்காதுல்ல?"

மறுநாள் காலையில் என் சோலார் முழுக்க நெத்திலி. கரண்ட் இருந்தாலும் காய்ந்தது, போனாலும் காய்ந்தது. ஞானம்மா ஐஸ் வாங்குவதை விட்டாலும் என் கூரையை விடவில்லை.

எட்வர்ட் ஆய்வுக்கு வந்தார். ஏணியில் ஏறியவர் மேலேயே வெகுநேரம் நின்றார். தொலைந்தேன் என்று நினைத்தேன். இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். 'மின்தடை நேரத்திலும் சூரிய சக்தியை முழுமையாகப் பயன்படுத்தும் முன்மாதிரி நிறுவனம்' என்று எழுதி, கேடயத்துக்குப் பரிந்துரை செய்தார்.

கேடயத்தோடு போட்டோ எடுத்து முடிந்ததும், ஞானம்மாவை ஓரமாக அழைத்துப் போனார்.

"யம்மா, மணவாள நகர்ல என் ஊட்டு மாடியிலயும் இதே பேனலு சும்மாதான் கெடக்குது. அதுல வஞ்சிரம் காயுமா, நெத்திலி மட்டும்தானா?"

இப்போது மின்சார ரயிலில் எங்கள் ஊருக்கு வருகிறவர்கள், தொழிற்பேட்டை நெருங்கியதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அந்த வாசனைக்கு ஆபீஸில் பசுமை வளர்ச்சி என்று பெயர். உங்கள் வீட்டு மாடியிலும் இந்நேரம் பேனல் ஏறியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.